அரை மில்லிமீட்டர் குறைந்த சச்சின்

இருபத்திரண்டு வருடமாக அட்டை வெட்டிப் பிழைக்கிறவன் நான். திருப்பூரில் ஒரு சின்ன பிரஸ். பனியனிலும் டி-சர்ட்டிலும் தொங்குமே, அந்த டேக்தான் எங்கள் சரக்கு. ஆர்ட் போர்டில் அச்சடித்து, லேமினேஷன் போட்டு, கட்டிங் மிஷினில் வெட்டி, ஓட்டை போட்டுக் கட்டுக் கட்டாக அனுப்புவோம். வெட்டிய கட்டின் ஓரத்தைக் கட்டை விரலால் ஒரு தடவை நீவினால் போதும், பிளேடு இன்றே சாணைக்குப் போக வேண்டுமா, இன்னும் இரண்டு நாள் தாங்குமா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கு, கடல் தாண்டியிருக்கிற ஒரு கம்பெனி, உங்கள் அட்டையின் ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது, மதிப்பெண் போட முடியாது என்று எழுதித் திருப்பி அனுப்பியது. காசு போனதைக் கூடப் பொறுத்துக்கொண்டேன். விஷயம் தெரிந்து பிரஸ் பையன்கள் மிஷினுக்குப் பின்னால் நின்று சிரித்ததுதான் தாங்கவில்லை.

அட்டை என்றால் கிரிக்கெட் அட்டை. சச்சின். தொண்ணூறுகளில் வெளிநாட்டில் அச்சானது. மாதம் ஒருமுறை கோயம்புத்தூரில் நாணயம், தபால்தலை, பழைய நோட்டு சேர்க்கிறவர்கள் கூடும் இடத்துக்குப் போவேன். அங்கே ஒரு பெரியவர் பிளாஸ்டிக் உறையில் இருந்து இதை எடுத்து நீட்டினார். "தம்பி, இப்பத்தான் பாக்கெட்டைப் பிரிச்சு எடுத்த மாதிரி இருக்குது பாருங்க." இருந்தது. நான்கு முனையும் ஊசி மாதிரி. பதினாலாயிரம் சொல்லி, பன்னிரண்டுக்கு முடிந்தது. வழியில் சூலூர் வரைக்கும் நான்கு தடவை வண்டியை ஓரங்கட்டி எடுத்துப் பார்த்தேன். சச்சின் முகத்தைப் பார்த்தேன். ஓரத்தைப் பார்க்கவில்லை.

இந்த விளையாட்டு அட்டைப் பித்து நம் பக்கம் எல்லாருக்கும் தெரிந்திருக்காது என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட அட்டைகளை நூறு வருடத்துக்கும் மேலாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். 1952ல் டாப்ஸ் நிறுவனம் போட்ட மிக்கி மான்டில் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. கிரிக்கெட்டுக்கு அந்தப் பவிசு கிடையாது. ஆனால் ஐபிஎல் வந்த பிறகு கிரிக்கெட் அட்டாக்ஸ் அட்டைகளை வாங்கி வளர்ந்த பையன்கள் இப்போது வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறார்கள். அவர்கள் கையில் காசு வந்ததும் இங்கேயும் விலை ஏற ஆரம்பித்துவிட்டது.

விலையைத் தீர்மானிப்பது கிரேடிங். அட்டையைக் கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பினால், அது நிஜ அட்டைதானா, வெட்டியோ வண்ணம் தொட்டோ இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். அப்புறம் முனை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் உட்கார்ந்திருக்கிற அழகு இவற்றைப் பார்த்து ஒன்று முதல் பத்து வரை ஒரு எண் போடுவார்கள். கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, மேலே வரிசை எண்ணோடு லேபிள் ஒட்டி அனுப்புவார்கள். அந்தப் பெட்டிக்கு ஸ்லாப் என்று பேர். உடைக்காமல் திறக்க முடியாது. ஒன்பதுக்கும் பத்துக்கும் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னால் முழி பிதுங்கிவிடும். விலையில் பல மடங்கு இருக்கும்.

அந்த மடங்குதான் பிளேடைக் கையில் எடுக்க வைக்கிறது. முனை கொஞ்சம் மழுங்கிய அட்டை. பக்கத்தில் அரை மில்லிமீட்டர் சீவினால் புது முனை கிடைக்கும். ஆறு வாங்க வேண்டியது ஒன்பது வாங்கும். அரை மில்லிமீட்டரை ஸ்கேலில் எடுத்துப் பாருங்கள், பென்சில் கோட்டுப் பருமன்தான்.

இந்தத் திருட்டுகளுக்கெல்லாம் மூத்தது ஒரு சிகரெட் அட்டை. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டுக்குள் பேஸ்பால் வீரர்களின் சின்னச் சின்ன அட்டைகளை வைத்து விற்றது. பாக்கெட் நசுங்காமலும் இருக்கும், சரக்கும் போகும். அந்த வரிசைக்கு சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் டி206. அதில் பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் அட்டை மட்டும் சீக்கிரமே நிறுத்தப்பட்டது. அட்டைக்காகப் பிள்ளைகள் சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்று ஒரு பேச்சு, காசு கொடுக்காததால் மறுத்தார் என்று இன்னொரு பேச்சு. எப்படியோ, உலகத்தில் இன்றைக்கு இருப்பவை அறுபதை ஒட்டித்தான்.

அந்த அறுபதில் ஒன்று மட்டும் ஆச்சரியமாகப் பளிச்சென்று இருந்தது. 1985ல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி அதை 25,000 டாலருக்கு வாங்கினார். கைமாறிக் கைமாறி 1991ல் சோத்பீஸ் ஏலத்தில் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவர் அணியின் முதலாளி புரூஸ் மெக்னாலும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு எடுத்தார்கள். அதே வருடம்தான் பிஎஸ்ஏ என்ற கிரேடிங் கம்பெனி தொடங்கியது. இந்த வாக்னர்தான் அதன் முதல் அட்டை. வரிசை எண் ஒன்று, மதிப்பெண் எட்டு. நடுவில் ஒரு தடவை வால்மார்ட் கடைகளின் பரிசுப் போட்டிக்கும் போனது. ஜெயித்தவர் ஒரு தபால் ஊழியர். வரி கட்டக் கையில் காசில்லாமல் உடனே ஏலத்துக்கு விட்டார். அதைப் படித்தபோது எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது. 2007ல் 28 லட்சம் டாலருக்கு அரிசோனா பேஸ்பால் அணியின் முதலாளி கென் கெண்ட்ரிக் வாங்கினார்.

இத்தனை வருடமும் சேகரிப்பாளர்கள் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். சிகரெட் பாக்கெட்டுக்குள் இருந்து வந்த எண்பது வயது அட்டைக்கு இவ்வளவு கூரான ஓரம் எங்கிருந்து வந்தது? 2013ல் பதில் வந்தது. ஏல மோசடி வழக்கில் சிகாகோ நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாஸ்ட்ரோ, அந்த வாக்னர் அட்டையின் பக்க ஓரங்களை வெட்டியது தான்தான் என்பதையும் சேர்த்து ஒப்புக்கொண்டார். 2015ல் இருபது மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. வெட்டியதற்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். ஏலத்தில் போலியாக விலை கேட்க வைத்து ஏற்றிவிட்டதுதான் வழக்கின் பெரும்பகுதி.

எனக்கு இதில் வியப்பு மாஸ்ட்ரோ மேல் இல்லை. வியாபாரி வெட்டுவான், அது உலகத்தில் உள்ளதுதான். வெட்டியதைக் கண்டுபிடிக்க என்றே ஒரு கம்பெனி ஆரம்பித்து, போட்ட பிள்ளையார் சுழியே வெட்டிய அட்டையின் மேல் விழுந்திருக்கிறதே, அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். அட்டை திரும்பி வந்ததும் முதலில் கோபம். அந்தக் கம்பெனிக்காரனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். இந்த நினைப்புக்குத் தொழில் ரீதியாக ஒரு காரணமும் இருந்தது. கட்டிங் மிஷினில் நானூறு ஐந்நூறு ஷீட்டை அடுக்கிக் கிளாம்ப் இறக்கி வெட்டும்போது, கிளாம்பின் அழுத்தம் சரியில்லை என்றால் பிளேடு இறங்க இறங்கத் தாள் நகரும். மேலே இருக்கிற அட்டைக்கும் அடியில் இருக்கிற அட்டைக்கும் அளவு மாறும். பார்ட்டி டேக்கை அளந்து பார்த்து ரிஜெக்ட் செய்து, அந்த நஷ்டத்தை நான் இரண்டு தடவை கட்டியிருக்கிறேன். ஆகவே அளவு குறைந்த அட்டை எல்லாம் பிற்பாடு வெட்டியது என்று சொல்ல முடியாது. பிறந்ததே குட்டையாகப் பிறந்திருக்கலாம். நம் சச்சினும் அப்படிப் பிறந்தவர்தான் என்று மூன்று நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் டிஜிட்டல் காலிப்பரை எடுத்தேன். இந்த மாதிரி அட்டைக்கு அளவு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம், அதாவது 63.5க்கு 88.9 மில்லிமீட்டர். உயரம் சரியாக இருந்தது. அகலம் 63.0. அடுத்து அச்சு சரிபார்க்கிற சின்ன பூதக்கண்ணாடி, லூப் என்போம், அதை வைத்துப் பார்த்தேன். மேல், கீழ், இடது ஓரங்களில் லேசாகப் பஞ்சு பிரிந்த மாதிரி நார் நின்றது. வயசானதன் பழுப்பும் ஏறியிருந்தது. வலது ஓரம் மட்டும் சவரம் செய்த கன்னம் போல மழமழவென்று இருந்தது.

அப்படியும் மனசு ஒப்பவில்லை. சிறுபூலுவபட்டி பக்கம் சாய லேபில் இருக்கிற நண்பனிடம் கொண்டுபோனேன். அங்கே கலர் மேட்சிங் லைட் பாக்ஸ் இருக்கும். துணியின் ஷேடு பகல் வெளிச்சத்தில் எப்படி, கடை வெளிச்சத்தில் எப்படி என்று டியூப்பை மாற்றி மாற்றிப் பார்க்கிற பெட்டி. அதில் ஒரு யூவி டியூப்பும் உண்டு. வெள்ளை பனியனை அதற்கடியில் வைத்தால் நீலமாக மின்னும், துணியில் ஏற்றியிருக்கிற வெண்மையூட்டி ரசாயனம் அப்படி. அதே சரக்கைக் காகிதத்திலும் போடுகிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காகிதத்தில் அது கிடையாது. அதனால்தான் பழைய டொபாக்கோ அட்டை என்று எவனாவது புதுக் காகிதத்தில் அடித்து விற்றால் யூவி வெளிச்சத்தில் பல்லை இளித்துவிடும். நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். "ஏனுங்ணா, பையர் சாம்பிள் பாக்கற பெட்டியில சச்சினக் கொண்டாந்து வெச்சிருக்கறீங்க?"

மற்ற விளக்கை அணைத்தான். அட்டையைப் பக்கவாட்டில் நிறுத்திப் பிடித்தேன். மூன்று ஓரமும் மங்கலாக இருந்தன, வெளிச்சமும் காற்றும் பட்டு வருடக்கணக்கில் அந்த வெண்மை செத்துப்போயிருந்தது. நான்காவது ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு ஒன்று பளீரென்று எரிந்தது. உள்ளே இருந்த காகிதம் அப்போதுதான் வெளியே வந்த மாதிரி. மிஷினில் குட்டையாகப் பிறந்திருந்தால் நான்கு ஓரத்துக்கும் ஒரே வயசு இருந்திருக்கும். அந்தக் கம்பெனி சொன்னது சரி.

அந்த இருட்டில் எனக்கு யோகோசுனா ஞாபகம் வந்தார். அவிநாசியில் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது டபிள்யூடபிள்யூஎஃப் ட்ரம்ப் கார்டு ஆடுவோம். உயரம், எடை, மார்பு, புஜம் என்று ஒவ்வொரு மல்லனுக்கும் எண் போட்டிருக்கும். எடையில் யோகோசுனாவை அடிக்க ஆளில்லை. ஆனால் என் யோகோசுனா கார்டின் ஒரு பக்கம் தேய்ந்து நைந்துவிட்டது. பின்பக்கத்தைப் பார்த்தே எதிராளி கண்டுபிடித்துவிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் சவர பிளேடையும் இரும்பு ஸ்கேலையும் வைத்து அந்த நைந்த ஓரத்தை வெட்டி எடுத்தேன். புதுசு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாள் ராஜாதான். மூன்றாம் நாள் எதிர் வீட்டுப் பையன் கார்டுக் கட்டை வாங்கித் தட்டி ஒழுங்கு செய்து, கட்டை விரலால் ஓரத்தை விர்ரென்று விட்டான். நடுவில் ஒரு இடத்தில் விரல் டக்கென்று நின்றது. மறுபடி விட்டான். அதே இடம். "என்றா இது, இந்தக் கார்டு மட்டும் குள்ளமா இருக்குது?" நைந்திருந்தபோதாவது உற்றுப் பார்த்தால்தான் தெரியும். வெட்டிய பிறகு கண்ணை மூடிக்கொண்டே எடுத்துவிடலாம்.

இதையே அந்தப் பெரியவர் அட்டையில் நான் ஏன் செய்யவில்லை? இன்னும் பத்து அட்டையோடு அடுக்கி ஒரு தடவை விரலை விட்டிருந்தால் போதுமே. ஆசை இருக்கிற இடத்தில் விரல் வேலை செய்யாது போலிருக்கிறது.

வெட்டுவது மட்டும் வித்தை என்று நினைக்க வேண்டாம். 1971ல் டாப்ஸ் போட்ட பேஸ்பால் அட்டைகளுக்குக் கறுப்பு ஓரம். லேசாக உரசினாலே வெள்ளை தெரியும். ஸ்கெட்ச் பேனாவால் தொட்டு மறைத்தவர்கள் எத்தனையோ பேர். மடிப்பு விழுந்த அட்டைக்கு ஈரப்பதம் கொடுத்து அழுத்தி நிமிர்த்துவார்கள். முனையில் காகிதக் கூழ் வைத்துக் கட்டுவார்கள். ரசாயனத்தில் கறை எடுப்பார்கள். அதே சமயம், பழைய ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டிய அட்டையை வெறும் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் பெரும்பாலான சேகரிப்பாளர்கள் குற்றம் சொல்வதில்லை. மேலே ஒட்டியிருக்கிற மெழுகைத் துணியால் துடைத்தாலும் அப்படித்தான். எது சுத்தம் செய்வது, எது திருத்துவது என்று கோடு போடுவதில் அவர்களுக்குள் தீராத சண்டை.

எனக்கு அந்தக் கோட்டைக் காட்டியவர் என் அப்பிச்சி, அம்மாவைப் பெற்றவர். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஒரு தடவை என்னைக் கூட்டிப்போனார். காங்கயம் காளைகள் கொம்பு சீவி, எண்ணெய் பூசி, சலங்கை கட்டி நிற்கும். அதையெல்லாம் அவர் சட்டை செய்யவே இல்லை. பல்லைப் பிடித்துப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். ஒரு காளை பிடித்துப்போய்விட்டது. துண்டுக்கடியில் தரகர் கையும் இவர் கையும் போய்விட்டன, விரல் விலை பேசிக்கொண்டிருந்தது. இன்னொரு கையால் காளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். கட்டை விரலை எச்சிலில் தொட்டு, ஓரிடத்தில் மயிரை எதிர்ப்பக்கமாக நீவினார். நாலு விரல் இடத்தில் மயிர் ஒட்ட வெட்டியிருந்தது. அந்த இடத்தில் ஆகாத சுழி ஒன்று இருந்திருக்க வேண்டும். துண்டுக்குள் இருந்து கையை உருவிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச தூரம் வந்த பிறகு, "சுழி இருந்தா இருந்துட்டுப் போகுது கண்ணு, அதுக்கொரு வெல இருக்குது. கத்திரி போட்டிருக்கறான் பாரு" என்றார். சுழியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அவருக்கும் எவ்வளவு இருந்தது என்று தெரியாது. மழுங்கிய முனைக்கும் ஒரு விலை இருக்கிறதல்லவா, அது மட்டும் புரிகிறது.

கிரேடிங் கம்பெனிகளை நான் திட்டப்போவதில்லை, என் விஷயத்தில் அவர்கள் சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டைப் பார்த்தால் திருப்பூர்க்காரனுக்கு உடனே ஒரு கேள்வி வரும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? அட்டையை அனுப்புகிறவன். அவனே நாளைக்கு விற்கப்போகிறவன். அட்டையின் மதிப்பை வைத்துத்தான் கட்டணம். நினைத்ததை விட நல்ல எண் விழுந்து மதிப்பு ஏறினால் கட்டணமும் ஏறுவது உண்டு. எட்டு போட்டால் ஒரு காசு, பத்து போட்டால் கூடுதல் காசு. யாரும் தப்பு செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. தப்பு செய்யாமல் இருக்க அவர்கள் நல்லவர்களாக இருக்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் முறையும் உத்தமம் ஒன்றும் இல்லை. ஷிப்மென்ட் நாளில் இன்ஸ்பெக்டருக்கு டீ வந்து, பஜ்ஜி வந்து, "கொஞ்சம் பாத்துப் போடுங்க சார்" என்று சிரிப்பும் வரும். ஆனாலும் ஒரு லாட்டில் எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்கிற ஏக்யூஎல் அட்டவணையில் ஒரு நேர்மை இருக்கிறது. மூவாயிரம் பீஸ் லாட்டில் 125 எடுத்துப் பார்ப்பார்கள். 2.5 அளவுகோலில் ஏழு வரை தவறு இருந்தால் பாஸ், எட்டானால் ஃபெயில். பாஸான லாட்டிலும் ஓட்டை பனியன் இருக்கும் என்று அந்தத் தாளே ஒப்புக்கொள்கிறது. ஸ்லாப் லேபிளில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. ஒன்பது என்றால் ஒன்பது. ஆனால் அதே ஸ்லாப்பை உடைத்து, அதே அட்டையை மறுபடி அனுப்பி, ஒரு எண் கூட வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதை ஒரு தொழிலாகவே செய்கிறார்கள். அட்டை மாறவில்லை, பார்த்த கண்தான் மாறியது. கூட்டம் அதிகமானால் அந்தக் கண்ணும் என்ன செய்யும்? கொரோனா காலத்தில் ஊரடங்கிய உலகமே பரணைக் குடைந்து அட்டை அனுப்ப, 2021 மார்ச் கடைசியில் பிஎஸ்ஏ பெரும்பாலான சேவைகளுக்குப் புதிதாக வாங்குவதையே நிறுத்திவைக்க வேண்டி வந்தது.

கம்பெனி தவறவிட்டதைச் சேகரிப்பாளர்களே பிடித்த கதையும் உண்டு. 2019ல் சிலர் பழைய ஏலப் படங்களையும் புதிய ஏலப் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். குறைந்த மதிப்பெண்ணோடு விற்ற அட்டையே கொஞ்ச நாளில் உயர்ந்த மதிப்பெண்ணோடு, ஓரம் சற்றுக் குறைந்து திரும்பி வந்திருந்தது. இரண்டும் ஒரே அட்டைதான் என்று எப்படித் தெரியும்? அச்சுக்காரனைக் கேட்டால் சொல்வான். பிளேட்டில் தூசி உட்கார்ந்தால் வளையமாக ஒரு புள்ளி விழும், ஹிக்கி என்போம். அந்தப் புள்ளி, காகித நார், படம் சாய்ந்திருக்கிற அளவு எல்லாம் சேர்ந்தால் கைரேகை மாதிரிதான். நூற்றுக்கணக்கில் ஜோடி கண்டுபிடித்தார்கள், எஃப்பிஐ விசாரணை வரைக்கும் போனது. அவர்கள் அத்தனை பேரும் சும்மா வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள். ஒரு பைசா கட்டணம் இல்லை.

இதெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு ஒரு சங்கடம் வந்தது. பல்லடத்தில் நிட்டிங் மிஷின் போட்டிருக்கிற தம்பி ஒருவன், அட்டைப் பித்தில் எனக்கு ஜூனியர். அதே பெரியவரிடம் அதே வரிசை சச்சின் ஒன்று வாங்கி, வேறொரு கம்பெனிக்கு அனுப்பி, ஒன்பது வாங்கிவிட்டான். ஸ்லாப்பைக் கல்லாவுக்கு மேலே, முருகர் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். டீ சொல்லிவிட்டு என் கையில் எடுத்துக் கொடுத்தான். ஜன்னல் பக்கம் திருப்பினேன். வலது ஓரம் மட்டும் கொஞ்சம் அதிக வெள்ளையாகத் தெரிந்த மாதிரி இருந்தது. மாதிரிதான். பிளாஸ்டிக் குறுக்கே நிற்கிறது, காலிப்பர் உள்ளே போகாது, விரலும் போகாது. உடைத்துப் பார்க்கலாமா என்று கேட்டால் பொண்ணைக் கேட்ட மாதிரி பார்ப்பான்.

இருந்தாலும் சொன்னேன். என் அட்டைக்கு நடந்ததையும், லைட் பாக்ஸையும், இரண்டையும் விற்றது ஒரே ஆள் என்பதையும் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். ஸ்லாப்பை வாங்கித் துண்டால் துடைத்துத் திரும்ப முருகருக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஒம்பதுன்னு போட்டிருக்குதுங்ளேண்ணா. அப்புறம் என்னங்ணா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. விற்கும்போது வாங்குகிறவனும் அந்த ஒன்பதைத்தான் வாங்கப்போகிறான். அட்டை உள்ளே இருந்தால் சரி.

கோயம்புத்தூர்ப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். சத்தியம் செய்தார், தனக்கும் இப்படித்தான் வந்தது என்றார். நம்பினேனா என்றால் பாதி. கையில் இருந்த லூப்பை அவர் வாங்கி அந்த ஓரத்தை ரொம்ப நேரம் பார்த்தார், அது நடிப்பு மாதிரித் தெரியவில்லை. காசு கேட்கவில்லை, அவரும் தருவதாகச் சொல்லவில்லை.

அட்டை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பிரஸ்ஸில் ஒரு டேக் அடித்தேன், 300 ஜிஎஸ்எம் போர்டு, நூல் கோர்த்தது. 'வலது ஓரம் வெட்டியது. அகலம் 63.0 மி.மீ.' என்று போட்டு உறையில் தொங்கவிட்டிருக்கிறேன். போன மாதக் கூட்டத்தில் ஈரோட்டில் இருந்து வந்த ஒருவர் எடுத்துப் பார்த்தார். டேகைத் திருப்பிப் படித்தார், சிரித்தார். டேகோடு என்றால் இரண்டாயிரம் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இந்தச் சீட்டை மட்டும் கழட்டிப் போட்டீங்கன்னா எட்டு தர்றனுங்ணா" என்றார்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் நிஜமாகவே யோசித்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் பிளேடு சாணைக்குக் கொடுக்கப் போகும் வழியில் ஃபோன் செய்து, டேக் இருந்தால்தான் தருவேன் என்றேன். அவர் வேண்டாம் என்றுவிட்டார்.